வேலையற்றோர் உதவித்தொகை: பதிவு செய்வதிலிருந்து கடைசித் தவணை வரை

தமிழ்நாட்டில் படிப்பை முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, ஐந்து ஆண்டுகள் கடந்தும் வேலை கிடைக்காமல் இருப்பவர்களுக்கு மாநில அரசு உதவித்தொகை வழங்கி வருகிறது. பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேர்ச்சி பெற்றவருக்கு 300 ரூபாய், மேல்நிலைக் கல்வி முடித்தவருக்கு 400 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய் என்பது பொதுப் பிரிவினருக்கான, அதாவது மாற்றுத்திறனாளிகள் அல்லாதோருக்கான, அளவு. மூன்று ஆண்டுகள் முழுமையாகப் பெற்றால் ஒரு பட்டதாரிக்குக் கிடைப்பது 21,600 ரூபாய். இன்றைய விலைவாசியில் இது சிறிய தொகைதான் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் தேர்வுக் கட்டணம், நேர்காணலுக்குச் செல்லும் பேருந்துக் கட்டணம், ஜெராக்ஸ் செலவு போன்றவற்றுக்கு வீட்டில் கை நீட்ட வேண்டிய நிலையில் இருப்பவருக்கு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சொந்தக் கணக்கில் வந்து விழும் 1,800 ரூபாய்க்கு ஒரு மதிப்பு உண்டு.

இத்திட்டத்தின் விதிகள் கடினமானவை அல்ல. விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதைக் காட்டிலும் தேதி தவறுவதே இதில் பெரிய ஆபத்து என்பது என் கருத்து. பதிவைப் புதுப்பிக்க வேண்டிய மாதம், ஐந்தாண்டு நிறைவடையும் காலாண்டு, ஆண்டுதோறும் தர வேண்டிய சுய உறுதிமொழி ஆவணம் ஆகிய மூன்றில் எதைத் தவறவிட்டாலும் தகுதி இருந்தும் பணம் நின்றுவிடும். ஆகவே இக்கட்டுரை படிவம் நிரப்புவதை விடவும் அந்தத் தேதிகளைப் பற்றியே அதிகம் பேசுகிறது. வேலையே கிடைக்காதவர்களுக்கான இத்திட்டத்தோடு, இருந்த வேலையை இழந்த இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) காப்பீட்டாளர்களுக்கான உதவிகள் பற்றியும் இறுதிப் பகுதியில் விளக்கப்பட்டுள்ளது.

முதலில் உங்கள் தகுதியைச் சரிபாருங்கள்

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். மாதக் கணக்கில் பார்த்தால் 6,000 ரூபாய். இங்கே பார்க்கப்படுவது விண்ணப்பிப்பவரின் வருமானம் மட்டுமன்று, மொத்தக் குடும்பத்தின் வருமானம். வீட்டில் ஒருவர் நிரந்தரச் சம்பளத்தில் இருந்தாலே இந்த வரம்பைத் தாண்டிவிடக் கூடும் என்பதால், மற்ற வேலைகளைத் தொடங்கும் முன் இதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

வயதைப் பொறுத்தவரை, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினருக்கு 45, ஏனைய பிரிவினருக்கு 40 என்பது உச்ச வரம்பு. இதில் ஒரு நுட்பம் உண்டு. பதிவு செய்து ஐந்தாண்டுகள் காத்திருந்த பிறகே விண்ணப்பிக்க முடியும் என்பதால், ஏனைய பிரிவைச் சேர்ந்த ஒருவர் 36 வயதில் முதன்முறையாகப் பதிவு செய்தால், ஐந்தாண்டு நிறைவடையும்போது அவருக்கு 41 வயதாகியிருக்கும்; உதவித்தொகை கிடைக்காது. எனவே பதிவைத் தள்ளிப்போடுவது வேலை வாய்ப்பை மட்டுமன்றி இந்த உதவியையும் பறித்துவிடும்.

விண்ணப்பதாரர் தமிழ்நாட்டில் கல்வி பயின்று முடித்தவராக இருக்க வேண்டும். பெற்றோர் அல்லது பாதுகாவலர் இங்கே குறைந்தது 15 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். அரசுப் பணி, தனியார் பணி, சுயதொழில் ஆகிய எதிலும் ஊதியம் ஈட்டுபவராக இருக்கக் கூடாது. அரசிடமிருந்து வேறு வகையில் உதவித்தொகை பெறுபவராகவும் இருக்கக் கூடாது. நாள்தோறும் கல்லூரிக்கோ பயிற்சி நிறுவனத்துக்கோ சென்று முழுநேரமாகப் படிப்பவர்களுக்கு இத்திட்டம் பொருந்தாது; தொலைதூரக் கல்வியிலோ அஞ்சல் வழியிலோ படிப்பவர்கள் தயக்கமின்றி விண்ணப்பிக்கலாம்.

பொறியியல், மருத்துவம், கால்நடை மருத்துவம், விவசாயம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் பட்டம் பெற்றவர்களுக்கு இந்த உதவித்தொகை இல்லை. தொழிற்படிப்பு முடித்தவருக்கு வேலை எளிதில் கிடைத்துவிடும் என்ற பழைய எண்ணத்தின் மீது எழுந்த விதி இது. பொறியியல் பட்டதாரிகள் இன்று எந்த வேலைக்கெல்லாம் விண்ணப்பிக்கிறார்கள் என்பதைப் பார்க்கும் எவருக்கும் இது காலத்துக்குப் பொருந்தாததாகத் தோன்றும். ஆனால் விதி மாறும் வரை அதுவே விதி என்பதால், அவர்கள் இதற்காக அலைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பதிவும் புதுப்பித்தலும்

உதவித்தொகைக்கான அடித்தளம் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிப்பவர்களுக்கு மதிப்பெண் சான்றிதழ் வழங்கும் சமயத்தில் பள்ளியிலேயே பதிவு செய்து தரும் ஏற்பாடு இருக்கிறது. அப்போது தவறவிட்டவர்களும், பின்னர் பட்டம் பெற்றவர்களும் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் தாங்களே பதிவு செய்யலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நேரில் சென்றும் பதியலாம். முதுகலைப் பட்டமும் தொழிற்கல்விப் பட்டமும் சென்னையிலும் மதுரையிலும் உள்ள தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிவாகின்றன.

பதிவு முடிந்ததும் கிடைக்கும் அடையாள அட்டையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பதிவு எண்ணின் தொடக்கத்தில் மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்துகளும், அடுத்துப் பதிவு செய்த ஆண்டும், அதன்பின் ஆணா பெண்ணா என்பதைக் குறிக்கும் ஓர் எழுத்தும், இறுதியில் முன்னால் பூஜ்யங்கள் நிரப்பிய வரிசை எண்ணும் இருக்கும். இணையதளத்தில் நுழைய முடியவில்லை என்று நெட் சென்டரில் தவிப்பவர்களில் சிலர் அந்தப் பூஜ்யங்களில் ஒன்றை விட்டிருப்பார்கள். அதே அட்டையில் நீங்கள் பதிந்த ஒவ்வொரு கல்வித் தகுதிக்கும் எதிரே அதனதன் பதிவுத் தேதி தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். இதுவே பதிவு மூப்பு எனப்படுவது. பன்னிரண்டாம் வகுப்பை ஓர் ஆண்டிலும் பட்டத்தை நான்காண்டுகள் கழித்தும் பதிந்தவருக்கு இரண்டு தேதிகள் இருக்கும். எந்தத் தகுதிக்கு ஐந்தாண்டு நிறைவடைந்திருக்கிறது, அதன்படி எந்தத் தொகைக்கு இப்போது விண்ணப்பிக்கலாம் என்பதை அலுவலகத்தில் அட்டையைக் காட்டிக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பட்டம் பெற்றவுடன் அதைக் கூடுதல் தகுதியாகப் பதியாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பவர்கள், இந்தக் கணக்கில் தங்களுக்குத் தாங்களே தாமதத்தை உண்டாக்கிக் கொள்கிறார்கள்.

அட்டையில் அடுத்து பார்க்க வேண்டியது புதுப்பிக்க வேண்டிய மாதமும் ஆண்டும். பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உதவித்தொகைக்கோ ஐந்தாண்டுகள் இடைவிடாத பதிவு வேண்டும். அப்படியானால் விண்ணப்பிக்கும் முன்பே ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு புதுப்பித்தலைக் கடந்தாக வேண்டும். அதைத் தவறவிட்டவரின் பதிவு காலாவதியாகிறது. புதிதாகப் பதிந்தால் மூப்பும் புதிதாகவே தொடங்கும் என்பதால், காத்திருந்த ஆண்டுகள் கணக்கில் வராமல் போகின்றன. புதுப்பிக்கத் தவறியவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவித்து, குறிப்பிட்ட கெடுவுக்குள் பழைய மூப்போடு புதுப்பித்துக்கொள்ள வாய்ப்பளித்ததுண்டு. அத்தகைய அறிவிப்பு வரும்போது பயன்படுத்திக்கொள்ளலாம். அதை நம்பி இருந்துவிடக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இந்தக் காலக்கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 2019 ஜூலையில் தன் பட்டத்தைப் பதிவு செய்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் புதுப்பிக்க வேண்டியது 2022 ஜூலையில். ஐந்தாண்டு நிறைவு 2024 ஜூலையில். தகுதியைக் காலாண்டின் இறுதி நாளை வைத்துக் கணக்கிடுவதால், அவர் 2024 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடியும் காலாண்டில் விண்ணப்பிக்கத் தகுதி பெறுகிறார். உதவித்தொகை தொடங்கி ஓராண்டு ஆவதற்குள், 2025 ஜூலையில், இரண்டாவது புதுப்பித்தல் வந்து நிற்கும். பணம் வரத் தொடங்கிவிட்டது, இனி அட்டையைப் பார்க்கத் தேவையில்லை என்று நினைக்கும் நேரத்தில்தான் இந்தத் தேதி வருகிறது. உதவித்தொகை பெறுவதற்கும் பதிவு நடப்பில் இருக்க வேண்டும் என்பதால், இந்த இரண்டாவது புதுப்பித்தல் முதலாவதை விடவும் முக்கியமானது. உங்கள் பதிவுத் தேதியோடு மூன்று, ஐந்து, ஆறு ஆகிய ஆண்டுகளைக் கூட்டி, கிடைக்கும் மூன்று தேதிகளையும் கைப்பேசியின் நாட்காட்டியில் இன்றே குறித்து வையுங்கள்.

இணையவழியில் புதுப்பித்த பிறகு, திரும்பவும் அடையாள அட்டையைப் பதிவிறக்கி, அடுத்த புதுப்பித்தல் மாதம் மாறியிருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்சிட்டு வைத்துக்கொள்வது நல்லது. வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தால் பதிவையும் அங்கே மாற்றிக்கொள்ளலாம், மூப்பு குறையாது. குடும்ப அட்டையில் புதிய முகவரி ஏறிய பின் இதைச் செய்தால் அலைச்சல் குறையும்.

விண்ணப்பிக்கும் முறை

விண்ணப்பப் படிவத்தை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டிக் கட்டணமின்றிப் பெறலாம். துறையின் இணையதளத்திலிருந்தும் பதிவிறக்கலாம். இதற்கென இடைத்தரகர் யாரும் தேவையில்லை, எந்த நிலையிலும் அலுவலகத்தில் செலுத்த வேண்டிய கட்டணமும் இல்லை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் தொடங்கும் ஒவ்வொரு காலாண்டையும் ஒட்டி மாவட்ட நிர்வாகம் செய்திக் குறிப்பு வெளியிடுவது வழக்கம். அதில் விண்ணப்பம் தருவதற்கான கடைசி நாள் இருக்கும். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த காலாண்டு வரை காத்திருக்க நேரும்.

படிவத்தில் நேரம் பிடிக்கும் பகுதி வருமானம் பற்றியது. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் குடும்ப வருமானத்தைச் சான்றளித்துக் கையொப்பமிட்டு முத்திரையிட வேண்டிய இடம் அதிலேயே இருக்கிறது. முதலில் வி.ஏ.ஓ., அதன் பிறகு ஆர்.ஐ. என்ற வரிசையில் செல்லுங்கள், வி.ஏ.ஓ. கையொப்பமின்றி ஆர்.ஐ. அலுவலகத்துக்குப் போனால் திருப்பி அனுப்பப்படுவீர்கள். ஒரு வி.ஏ.ஓ. ஒன்றுக்கு மேற்பட்ட கிராமங்களைக் கவனிப்பதும், பட்டா ஆய்வு, பேரிடர்ப் பணி, தேர்தல் பணி என்று வெளியே இருப்பதும் இயல்பு. ஆகவே கடைசி நாளுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பாவது இந்த வேலையைத் தொடங்குங்கள். குடும்ப அட்டை, ஆதார், ஏற்கெனவே இ-சேவை மையம் வழியாகப் பெற்ற வருமானச் சான்றிதழ் இருந்தால் அது ஆகியவற்றை உடன் கொண்டு செல்வது உதவும்.

இணைக்க வேண்டியவை வேலைவாய்ப்பு அலுவலக அடையாள அட்டை, பள்ளி அல்லது கல்லூரி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்கள். அசல்களைச் சரிபார்ப்புக்கு நேரில் காட்ட வேண்டும். மாற்றுச் சான்றிதழைத் தனியார் நிறுவனம் ஒன்றிலோ வேறு எங்கோ கொடுத்து வைத்திருப்பவர்கள் அதை முன்கூட்டியே மீட்டு வைப்பது நல்லது, ஏனெனில் நீங்கள் படிப்பை முடித்துவிட்டீர்கள், இப்போது எங்கும் முழுநேர மாணவர் அல்ல என்பதற்கு அலுவலகம் அதையே ஆதாரமாகப் பார்க்கிறது.

வங்கிக் கணக்கு விண்ணப்பதாரரின் சொந்தப் பெயரில், ஏதேனும் ஒரு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில், நடப்பில் இருக்க வேண்டும். பள்ளிப் பருவத்தில் கல்வி உதவித்தொகைக்காகத் திறந்து பின்னர் பயன்படுத்தாமல் விட்ட கணக்கு செயலிழந்திருக்கக் கூடும். அந்த எண்ணைத் தந்துவிட்டு மாதக்கணக்கில் பணத்தை எதிர்பார்ப்பதில் பயனில்லை. சிறு தொகையைச் செலுத்தி, புத்தகத்தில் பதிவு போட்டு, கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகு நகலெடுங்கள். முதல் பக்கத்தில் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் மங்கலின்றித் தெரிய வேண்டும். சில வங்கிகள் இணைக்கப்பட்டதால் பழைய புத்தகங்களில் பழைய குறியீடே அச்சாகியிருக்கும். அத்தகைய புத்தகத்தை வைத்திருப்பவர்கள் புதியதை வாங்கிக்கொள்வது அவசியம்.

பெயர்ப் பொருத்தத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். பள்ளிச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஓர் இனிஷியல், ஆதாரில் தந்தையின் முழுப் பெயர், வங்கியில் இனிஷியல் முன்னால் என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருப்பது நம் ஊரில் சாதாரணம். இனிஷியல் இடம் மாறுவதைப் பெரும்பாலும் பொருட்படுத்த மாட்டார்கள் என்றாலும், பெயரின் எழுத்துக்கூட்டலே வேறாக இருந்தால் பணம் திரும்பிப் போகும் வாய்ப்பு உண்டு. ஆதாரையோ வங்கிக் கணக்கையோ பள்ளிச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்துவது எளிது. பள்ளிச் சான்றிதழைத் திருத்துவது நீண்ட வேலை.

விண்ணப்பத்தை நேரில் ஒப்படைத்து, முழுத் தொகுப்பின் நகல் ஒன்றைத் தேதியோடு உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புகை தரச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

உதவித்தொகை தொடர்ந்து வர

தொகை மாதக் கணக்கில் நிர்ணயிக்கப்பட்டாலும் காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் சேர்க்கப்படுகிறது. நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்து சில வேளைகளில் தாமதமாக வரும்; ஒரு காலாண்டு வரவில்லை என்பதற்காக உதவியே நின்றுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அடுத்த காலாண்டும் வராவிட்டால் கணக்குப் புத்தகத்தோடு அலுவலகத்துக்குச் சென்று விசாரியுங்கள்.

ஒருமுறை அனுமதி கிடைத்துவிட்டால் மூன்றாண்டுகளுக்கும் தானாகவே வரும் என்ற எண்ணம் தவறு. ஒவ்வோர் ஆண்டும் சுய உறுதிமொழி ஆவணம் ஒன்றை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அளிக்க வேண்டும். தான் எந்த வேலையிலும் இல்லை, முழுநேரமாகப் படிக்கவில்லை, வருமான வரம்புக்குள்ளேயே இருக்கிறேன் என்று விண்ணப்பதாரர் தாமே கையொப்பமிட்டுக் கூறுவது அது. இதை அளிக்காதவர்களுக்கு, அவர்கள் எல்லா வகையிலும் தகுதியுடையவர்களாக இருந்தாலும், பணம் நிறுத்தப்படும். அலுவலகங்கள் செய்திக் குறிப்புகளில் இந்த ஆவணத்தைத் தராதவர்களை உடனே தருமாறு திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். உதவித்தொகை முதன்முதலில் அனுமதிக்கப்பட்ட மாதத்தை நினைவில் வைத்து, அது ஓராண்டை நெருங்கும்போதே அலுவலகத்துக்குச் செல்லுங்கள். புதுப்பிக்கப்பட்ட அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களும் கையில் இருக்கட்டும்.

இடையில் வேலை கிடைத்துவிட்டால் அதை அலுவலகத்துக்குத் தெரிவித்து உதவித்தொகையை நிறுத்திக்கொள்வதே முறை. ஊதியம் பெற்றுக்கொண்டே உறுதிமொழியில் வேலையில் இல்லை என்று கையொப்பமிட்டால் அது பொய்யான சான்றாகும். பின்னாளில் அரசு வேலைக்கான சரிபார்ப்பில் இத்தகைய கையொப்பம் தொல்லை தரக்கூடியது. சிலநூறு ரூபாய்க்காக அந்த அபாயத்தை ஏற்கத் தேவையில்லை.

இன்னொரு அச்சத்தையும் இங்கே அகற்றிவிடலாம். உதவித்தொகை பெறுவதால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு நீக்கப்படும், அரசு வேலைக்கான பரிந்துரை வராது என்று நம்பி விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் உண்டு. இதில் உண்மையில்லை. உதவித்தொகை பெறுபவரின் பதிவும் மூப்பும் அப்படியே இருக்கும். வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களில் தேர்வாகி வேலையில் சேர்ந்தாலும் பதிவு ரத்தாவதில்லை; ஊதியம் கிடைப்பதால் உதவித்தொகை மட்டும் நின்றுவிடும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு

மாற்றுத்திறனாளிகளுக்கான விதிகள் பெரிதும் தளர்த்தப்பட்டுள்ளன. அவர்கள் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. பதிவு செய்து ஓராண்டு நிறைவடைந்தாலே போதும். வருமான வரம்பும் வயது வரம்பும் இல்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மாதம் 600 ரூபாய், மேல்நிலைக் கல்வி முடித்தவர்களுக்கு 750 ரூபாய், பட்டதாரிகளுக்கு 1,000 ரூபாய் என்று தொகையும் அதிகம். எல்லாவற்றையும் விட முக்கியமாக, மூன்று ஆண்டுகளுக்குப் பதிலாகப் பத்து ஆண்டுகள் வரை பெறலாம். ஒரு பட்டதாரி பத்தாண்டும் இடைவிடாமல் பெற்றால் மொத்தம் 1,20,000 ரூபாய் ஆகிறது.

பத்தாண்டு என்பதால் தேதிகளின் சுமையும் கூடுகிறது. அந்தக் காலத்துக்குள் பதிவைக் குறைந்தது மூன்று முறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். சுய உறுதிமொழி ஆவணமும் ஆண்டுதோறும் தர வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் செல்லுபடிக் காலம் இடையில் முடிவதாக இருந்தால் அதையும் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் உள்ள ஒருவர் இந்தத் தேதிகளுக்குப் பொறுப்பேற்றுக்கொள்வது பெரிய உதவியாக இருக்கும். மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை போன்ற வேறு அரசு உதவியைப் பெற்று வருபவர்கள் இரண்டையும் சேர்த்துப் பெற இயலாது என்பதால், எது தங்களுக்கு நன்மை தரும் என்று தொகையையும் காலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும். தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கான தடை இவர்களுக்கும் உண்டு.

மூன்றாண்டு முடிந்த பிறகு

பொதுப் பிரிவினருக்கு மூன்றாண்டுக்குப் பின் நீட்டிப்பு கிடையாது. பதினைந்து ஆண்டுகள் பதிவு மூப்போடு காத்திருப்பவருக்கும் ஆறாவது ஆண்டில் இருப்பவருக்கும் ஒரே அளவு உதவி என்பது இத்திட்டத்தின் பெரிய குறை. நீண்ட காலம் வேலையின்றி இருப்பவரின் தேவை ஆண்டு கூடக்கூட அதிகரிக்கிறதே ஒழியக் குறைவதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்குப் பத்தாண்டு சாத்தியமாகும்போது, மற்றவர்களில் மிக நீண்ட காலம் காத்திருப்பவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளாவது நீட்டிப்பதைப் பரிசீலிக்க இடமிருக்கிறது.

தொகை நின்ற பிறகும் பதிவைப் புதுப்பிப்பதை நிறுத்திவிடாதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் டிஎன்பிஎஸ்சி, காவலர் தேர்வு போன்றவற்றுக்கு இலவசப் பயிற்சி தருகின்றன. சொந்தத் தொழில் தொடங்க எண்ணுபவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில், வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பற்றிக் கேட்கலாம். அது மானியத்தோடு கூடிய வங்கிக் கடன். உதவித்தொகை பெறும் காலத்திலேயே தொழில் தொடங்கிவிட்டால் சுயதொழில் செய்பவராகிவிடுவீர்கள் என்பதால், கடன் விண்ணப்பத்தை மூன்றாம் ஆண்டின் இறுதியை ஒட்டித் திட்டமிடுவது பொருத்தமாக இருக்கும்.

இருந்த வேலையை இழந்தவர்களுக்கு

தொழிற்சாலையிலோ கடையிலோ நிறுவனத்திலோ பணிபுரிந்து இஎஸ்ஐ சந்தா கட்டி வந்தவர்கள், வேலை போனதும் வேறொரு கதவைத் தட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்தம் இருந்ததா என்று பாருங்கள். தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 விழுக்காடு. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்கள் இதன் கீழ் வருகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த வரம்பு 25,000 ரூபாய்.

அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டம் 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. தொடக்கத்தில் சராசரி நாள் ஊதியத்தில் 25 விழுக்காடாக இருந்த உதவி, 2020-இல் கொரோனா ஊரடங்கை ஒட்டி 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அதிகபட்சம் 90 நாள்கள் வரை, வாழ்நாளில் ஒருமுறை மட்டும் பெறலாம். நாளொன்றுக்கு 600 ரூபாய் சராசரி ஊதியம் பெற்றவருக்கு 90 நாள்களுக்கு 27,000 ரூபாய் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வேலை இழப்பதற்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுகள் காப்பீட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். இழப்பதற்கு நேர் முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாள்களுக்குக் குறையாமலும், அந்த இரண்டு ஆண்டுகளில் மீதமுள்ள மூன்று சந்தாக் காலங்களில் ஏதேனும் ஒன்றில் 78 நாள்களுக்குக் குறையாமலும் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். சந்தாக் காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரையுமான ஆறாறு மாதங்கள்.

வேலை போய் 30 நாள்கள் கழிந்த பிறகு விண்ணப்பிக்கலாம். முதலாளி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்ற பழைய நிபந்தனை தளர்த்தப்பட்டதால், தொழிலாளி தாமே இஎஸ்ஐ இணையதளத்தில் உரிமைகோரலைப் பதிந்து, ஆவணங்களைக் கிளை அலுவலகத்தில் சேர்க்கலாம். ஆதாரும் வங்கிக் கணக்கும் காப்பீட்டு எண்ணோடு இணைந்திருக்க வேண்டும். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்கள், விருப்ப ஓய்வு பெற்றவர்கள், ஓய்வு வயதை அடைந்தவர்கள் ஆகியோருக்கு இது கிடையாது. இத்திட்டத்தைக் கெடு வைத்து நடத்தி, கெடு முடியும் தறுவாயில் நீட்டித்து வருகிறார்கள் என்பதால், நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் அது நடப்பில் உள்ளதா என்பதைக் கிளை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

ஆலை மூடப்பட்டதாலோ, ஆட்குறைப்பாலோ, பணியிடத்துக்கு வெளியே ஏற்பட்ட காயத்தால் 40 விழுக்காட்டுக்குக் குறையாத நிரந்தர ஊனம் உண்டானதாலோ வேலை இழந்தவர்களுக்கு, 2005 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா நீண்ட காலத்துக்கு உதவுகிறது. முதல் 12 மாதங்களுக்குச் சராசரி நாள் ஊதியத்தில் 50 விழுக்காடும், 13-ஆம் மாதம் முதல் 24-ஆம் மாதம் வரை 25 விழுக்காடும் கிடைக்கும்; அந்தக் காலத்தில் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் இஎஸ்ஐ மருத்துவ வசதியும் தொடரும். தாமாக ராஜினாமா செய்தவர்களுக்கு இது பொருந்தாது. ஆட்களைக் குறைக்கும் நிறுவனங்களில் சில, கணக்கை விரைவில் முடித்துத் தருவதாகக் கூறித் தொழிலாளியிடம் ராஜினாமாக் கடிதம் கேட்பதுண்டு. அதில் கையொப்பமிடும் முன், நீங்கள் இழக்கப் போவது இரண்டு ஆண்டுகளுக்கான இந்த உதவியும் மருத்துவ வசதியும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். ஆட்குறைப்பு அல்லது ஆலை மூடல் ஆணையின் நகலை எழுத்து வடிவில் கேட்டு வாங்கி, கடைசி மாதங்களின் சம்பளச் சீட்டுகளோடு சேர்த்து இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.